ஒரு கை சீனி

ஜூன் 10, திங்கள்

பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடது பக்கம் 'சாப்பிட்டது'. வலது பக்கம் 'பிறகு நடந்தது'. இப்படித்தான் எழுத வேண்டும் என்று திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் நஸ்ரின் மேடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். கூடவே, "அடுப்படியில என்ன நடந்தாலும் எழுதுங்க ராஜகனி. எது முக்கியம், எது முக்கியமில்லன்னு நீங்க முடிவு பண்ணாதீங்க. அது என் வேலை" என்றார். என்னைப் போன்ற வாயாடியிடம் இப்படிச் சொல்லலாமா? அந்தக் கோடு இரண்டு நாள் தாங்கினால் அதிகம்.

என் மகள் செண்பகாவுக்கு வயது ஏழு. எடை பதினாறு கிலோ இருநூறு. இருபதுக்கு மேல் இருக்க வேண்டுமாம். பால், முட்டை, மீன், நிலக்கடலை, முந்திரி, கொண்டைக்கடலை, இதில் எது உள்ளே போனாலும் உடம்பெல்லாம் தடித்து உதடு வீங்கிவிடும். ஏப்ரலில் மூச்சே திணறிவிட்டது. அப்போதுதான் டாக்டர் இந்தப் பட்டியலைக் கையில் கொடுத்தார். சத்து சத்து என்று ஊர் சொல்வதெல்லாம் அதில் இருந்தது. மிச்சம் பாசிப்பருப்பு. மூன்று வேளையும் அதைப் பார்த்து அவளுக்கு வெறுத்துவிட்டது. கோழிக்கறி கொடுத்தால் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் வரை போய்விடுவாள்.

இவள் அப்பா காளிராஜ், கோவில்பட்டியில் கடலைமிட்டாய் போடுகிறவர். நாலு பேர் வேலை பார்க்கும் தகரக் கொட்டகைதான், ஆனாலும் எங்கள் ஊரில் அதற்குக் கம்பெனி என்று பெயர். ஊருக்கெல்லாம் மிட்டாய் போடுகிறவர் மகள் அதை மோந்துகூடப் பார்க்க முடியாது. அவள் வயிற்றில் இருந்தபோது நான் தினமும் எத்தனை மிட்டாய் தின்றேன் என்று டாக்டரிடம் சொன்னேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

இன்று மேடம் ஒரு விதையைக் காட்டினார். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது, வெள்ளையில் பச்சை ஓடுகிறது. பெயர் ஹெம்ப் விதை. "கஞ்சாச் செடி வகைதான்" என்றதும் நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"உக்காருங்க. விதையில போதை கிடையாது. அரசாங்கமே சாப்பாட்டுச் சாமான்னு அனுமதி குடுத்திருக்கு. தோல் எடுத்தது மூணு மேசைக்கரண்டி சாப்பிட்டா ஒன்பது கிராம் புரதம். பாலும் முட்டையும் கடலையும் ஆகாதவங்களுக்கு இது ஒரு வழி. ஆனா இதுவும் சில பேருக்கு ஒத்துக்காது. அதனால மொத வாய் வீட்ல இல்ல, இங்கதான்."

அரை டீஸ்பூன் கொடுத்து இரண்டு மணி நேரம் எங்களை அங்கேயே உட்கார வைத்தார்கள். நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். "எம்மா, என்னய முறைக்காத" என்றாள்.

சாப்பிட்டது: ஹெம்ப் விதை, அரை டீஸ்பூன். பிறகு நடந்தது: ஒன்றுமில்லை.

ஜூன் 14, வெள்ளி

கூரியர் வந்தது. பொட்டலத்தில் செடியின் இலைப் படத்தைப் பெரிதாகப் போட்டுத் தொலைத்திருக்கிறார்கள். கொண்டுவந்த தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்தான். என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏ கனி, லைசென்ஸ் நம்பர் இருக்கு. போலீஸ் ஜீப் வந்தா இதக் காட்டு, நான் பின்வாசல் வழியாப் போயிருதேன்" என்றார். கேலிக்குக் குறைச்சலில்லை.

சாதத்தில் ஒரு ஸ்பூன் தூவிக் கொடுத்தேன். ஒன்றுமில்லை.

ஜூன் 15, சனி

ஒன்றுமில்லை.

இதைவிட நல்ல சொல் தமிழில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 20, வியாழன்

இட்லி மாவில் கலந்தேன், தெரியவில்லை. தேங்காய்த் துவையலில் அரைத்தேன், தெரியவில்லை. ஊறவைத்து அரைத்துப் பிழிந்தால் பால் மாதிரி வருகிறது. கருப்பட்டி போட்டுக் கொடுத்தேன், டம்ளரை நக்கினாள். பால் குடித்த மீசையோடு என் மகளை நான் பார்த்ததே இல்லை. போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டு செல்வராணி அக்காவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். "பச்சப் புள்ளைக்கு அதையா குடுக்க?" என்று நெஞ்சில் கை வைத்தாள். பிறகு ஒரு விதையை வாயில் போட்டு மென்று, கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்தாள். "ஒண்ணுஞ் செய்யலயே" என்றாள். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் சொன்னாள்.

இவர் ஏழு மணிக்கு வந்தார். தலை ஈரமாக இருந்தது. இரண்டு மாதமாக இப்படித்தான். கம்பெனியில் அனலில் நின்றவர் வீட்டுக்கு வந்து குளிக்காமல் வேறு எங்கே குளிக்கிறார்? வாசனை சோப்பு வேறு. இரண்டு நல்ல சட்டைகளைக் காணோம். நான் கேட்கவில்லை. கேட்கிற பழக்கமும் எனக்கில்லை.

செண்பகா "எப்பா" என்று ஓடினால் ஒரு முழம் தள்ளி நின்று சிரிக்கிறார். ஏப்ரலுக்குப் பிறகு இவர் அவளைத் தூக்கி நான் பார்க்கவில்லை. சீக்குப் பிள்ளை என்றால் சில ஆண்களுக்கு மனசு விட்டுப்போய்விடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்க மனமில்லை.

ஜூன் 30, ஞாயிறு

பதினாறு கிலோ அறுநூறு! ரேஷன் கடைக்காரரிடம் கெஞ்சி அவர் தராசில் நிறுத்திப் பார்த்தேன். நானூறு கிராம். செண்பகவல்லி அம்மன் கோயிலுக்குப் போய் வந்தேன். நஸ்ரின் மேடம் பேருக்கும் அர்ச்சனை செய்தேன். அவருக்குத் தெரிந்தால் சிரிப்பார்.

ஜூலை 5, வெள்ளி

காலை: ஹெம்ப் தூவிய தோசை, தக்காளிச் சட்னி. பகல்: பாசிப்பருப்புச் சாதம். ஒன்றுமில்லை.

செல்வராணி அக்கா மிக்ஸியின் சின்ன ஜார் கேட்டு வாங்கிப்போனாள். அவளுடையதில் பிளேடு உடைந்துவிட்டதாம், இட்லிப்பொடி அரைக்க வேண்டுமாம். காஸ் சிலிண்டர் தீர்ந்தது, மாற்றினேன். ரப்பர் வாஷர் இல்லாமல் வந்திருந்தது, சத்தம் போட்டு வாங்கினேன்.

ஜூலை 6, சனி

அக்கா ஜாரைத் திருப்பிக் கொடுத்தாள். பளபளவென்று கழுவி, உள்ளே ஒரு கை சீனி போட்டு. "வெறும் ஏனமாத் திருப்பிக் குடுக்கலாமா கனி?" என்றாள். இந்தக் காலத்தில் யார் இதெல்லாம் பார்க்கிறார்கள்? ஊறுகாய்ப் பாட்டில் திரும்பினாலும் அதில் நாலு எலுமிச்சம்பழம் போட்டுத்தான் தருவாள். இப்படி ஒரு பக்கத்து வீடு கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

சீனியை ஒரு கிண்ணத்தில் தட்டி வைத்தேன்.

ஜூலை 8, திங்கள்

நேற்று எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நேற்று மாலை நாலரைக்கு ஹெம்ப் விதையை வறுத்து, தேங்காய்த் துருவல், அந்தச் சீனி சேர்த்து உருண்டை பிடித்தேன். செண்பகா இரண்டு தின்றாள். ஞாயிறு என்பதால் இவர் சீக்கிரம் வந்தார், தலை ஈரத்தோடு. அவள் இவரைத் தள்ளி நிற்க விடவில்லை, காலைக் கட்டிக்கொண்டாள். அதற்கு மேல் இவரும் நிற்கவில்லை. தூக்கித் தலைக்கு மேல் ஒரு சுற்று சுற்றினார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும்.

ஐந்து நிமிடத்தில் கழுத்தில் தடிப்பு. பிறகு உதடு. வாந்தி. பிறகு அந்த விசில் சத்தம் மூச்சில். இவர் வண்டியை எடுத்தார், நான் பின்னால் அவளை மடியில் வைத்துக்கொண்டு. பக்கத்து ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டார்கள். கால் மணி நேரத்தில் மூச்சு சீரானது. ராத்திரி முழுக்க அங்கேயே வைத்திருந்து காலையில் அனுப்பினார்கள். பிள்ளை இப்போது தூங்குகிறாள். உயிரோடு தூங்குகிறாள். ஊசி போட்ட நர்ஸ் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் சொன்னதையும் எழுத வேண்டும். "கடலத் தூசியோட வந்து பிள்ளையத் தூக்குனீங்கள்லா? உங்க சட்டதான்! நீங்கதான்!" நாலு பேர் பார்த்தார்கள். இவர் தன் சட்டையையே குனிந்து பார்த்தார். காலையில் எங்களை வீட்டில் இறக்கிவிட்டு, "நான் கம்பெனியிலயே இருந்துக்கிடுதேன்" என்று போய்விட்டார்.

போனில் மேடம், "ஹெம்ப், தேங்காய், எல்லாத்தையும் நிறுத்துங்க. புதன்கிழமை பதினேழாம் தேதி நோட்டோட வாங்க" என்றார்.

ஜூலை 9, செவ்வாய்

பாசிப்பருப்பு. பாசிப்பருப்பு. பாதித் தட்டு மிச்சம்.

ஜூலை 12, வெள்ளி

"அப்பாவுக்கு எம்மேல கோவமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "ஒம்மேலயா?" என்றாள். பல் தேய்க்கப் போ என்றேன்.

இவர் துண்டு கொடியில் கிடந்தது. துவைத்துப் போட்டேன். அழுக்காக இருந்தது, அதனால்.

ஜூலை 15, திங்கள்

பதினாறு கிலோ நூறு. ரேஷன் கடைக்காரர் தராசைத் தட்டித் தட்டிப் பார்த்தார், பாவம். வந்ததும் போய்விட்டது, கூடவே இன்னும் நூறு கிராம். ஹெம்ப் பொட்டலத்தைத் தூக்கிப் போடலாமென்று எடுத்தேன். போடவில்லை. அடுக்கின் பின்னால் வைத்தேன்.

ஜூலை 17, புதன்

நஸ்ரின் மேடம் நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். காஸ் வாஷர், அர்ச்சனை, ஈரத் தலை, எல்லாவற்றையும். எனக்குக் கூச்சமாக இருந்தது. எட்டாம் தேதியைப் படித்தவர் பின்னால் திருப்பி ஆறாம் தேதிக்குப் போனார். பிறகு ஐந்து. விரலை அங்கேயே வைத்துக்கொண்டார்.

"பக்கத்து வீட்டு அக்கா இட்லிப்பொடியில என்ன போடுவாங்க?"

"உளுந்து, மிளகா, பெருங்காயம்..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். எங்கள் தெருவில் இட்லிப்பொடி என்றால் பாதிக்குப் பாதி வறுத்த நிலக்கடலை. நானே ஏப்ரல் வரை அப்படித்தான் அரைத்தேன்.

"ஜாரை எவ்வளவு கழுவினாலும் பிளேடுக்கு அடியில, ரப்பருக்குள்ள பொடி நிக்கும். அதுல சீனியப் போட்டுக் குலுக்கிக் கொண்டு வந்திருக்காங்க. சீனி எல்லாத்தையும் ஒட்டி எடுத்துக்கிட்டு வந்திரும்."

செல்வராணி அக்காவின் ஒரு கை சீனி. அதை நானே என் கையால் உருண்டை பிடித்தேன்.

கிண்ணத்தில் மிச்சமிருந்த சீனியை என்ன செய்தேன் என்று கேட்டார். காப்பியில் போட்டு நான் குடித்துவிட்டேன். "அதனால நிரூபிக்க முடியாது. ஆனா ஹெம்ப் குத்தவாளியான்னு இன்னிக்கே பாத்திரலாம்" என்றார். செண்பகா கையில் ஒவ்வொன்றாகச் சொட்டு வைத்து ஊசி முனையால் கீறிப் பார்த்தார்கள். ஹெம்ப் வைத்த இடம் வெறுமனே இருந்தது. தேங்காயும் அப்படியே. நிலக்கடலை வைத்த இடம் கொசு கடித்தது போல் எழும்பியது. பிறகு டாக்டர் பக்கத்திலேயே இருக்க, ஹெம்ப் கால் ஸ்பூன், அரை, ஒன்று என்று கொடுத்தார்கள். மூன்று மணி நேரம். செண்பகா ஒரு பூனைப் படத்துக்கு முழுசாக வர்ணம் அடித்து முடித்தாள். ஒன்றுமில்லை.

கிளம்பும்போது மேடம் கேட்டார்: "அவங்க அப்பா சட்டையப் பத்தியும் எழுதியிருக்கீங்களே. தினமும் தலை ஈரமா வராருன்னு. அவர் ஏன் அப்படி வராருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

பஸ்ஸில் கோவில்பட்டி வரும்வரை ஜூன் இருபதாம் தேதிப் பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஜூலை 18, வியாழன்

பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு நேரே கம்பெனிக்குப் போனேன். ஏப்ரலிலிருந்து நான் அந்தப் பக்கமே போகவில்லை, என் சேலையில் தூசி ஒட்டும் என்று. தள்ளி, ரோட்டிலேயே நின்று குரல் கொடுத்தேன். மிட்டாய்க்குக் கட்டம் வெட்டுகிற அய்யாத்துரை அண்ணன் எட்டிப் பார்த்து, "மொதலாளி இங்க இல்லம்மா. பின்னால அவுக தனிக் கம்பெனியில இருக்காக" என்று சிரித்தார்.

கொட்டகையிலிருந்து நன்றாகத் தள்ளி, கிணற்றடிக்கு அந்தப் பக்கம், பழைய மோட்டார் ரூம். புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. வாசலில் ஒரு ஆணியில் பாலிதீன் பை. அதற்குள் காணாமல் போன இரண்டு சட்டைகள், மடித்து. கிணற்றுத் திட்டில் சோப்பு டப்பா.

"சித்திரையில இருந்தே இப்படித்தாம்மா" என்றார் அண்ணன். "வேல முடிஞ்சதும் தலையோட குளிச்சு, சட்ட மாத்தி, நகத்தக்கூடத் தேச்சுட்டுத்தான் வண்டிய எடுப்பாக. அந்த வண்டி சீட்டையும் தொடச்சுட்டு. எங்கள யாரயும் கிட்ட விட மாட்டாக. ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்!"

எனக்குத் தெரியாது. நான்தான் கேட்கவில்லையே.

உள்ளே இவர் புதுச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். புதுக் கரண்டி, புதுப் பலகை, புது உருட்டுக் கட்டை. தரையில் தட்டுத் தட்டாக மிட்டாய், ஒன்றும் ஒழுங்காக இல்லை. சில கருகியிருந்தன, சில உதிர்ந்து கிடந்தன. மூலையில் அந்த இலைப் படம் போட்ட பொட்டலங்கள் ஆறு.

என்னைப் பார்த்ததும் எழுந்தார். "பிள்ளைக்கு என்ன?" என்றார். அதைத்தான் முதலில் கேட்டார்.

"ஒண்ணுமில்ல. நல்லாருக்கா" என்றேன். "உங்க சட்ட இல்லைங்க. சீனி. செல்வராணி அக்கா ஜார்ல போட்டுக் குடுத்த சீனி. நான்தான் உருண்ட பிடிச்சேன்."

முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு அடுப்பைப் பார்த்தபடி, "அப்பம் நான் அவளத் தூக்கலாமா?" என்றார்.

நான் அங்கேயே, அந்தச் சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்து அழுதேன். மூன்று மாதம் தினமும் குளித்து, நகம் தேய்த்து வந்து, ஒரு முழம் தள்ளி நின்று சிரித்த மனுஷனைப் பற்றி இந்த நோட்டில் நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று இவருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். மன்னிப்பு மட்டும் கேட்டேன். "சரி சரி, பாகு முறுகுது" என்றார்.

"பிள்ளைக்கு அப்படி ஆன பெறகும் இந்த வெதைய ஏன் விடல நீங்க?"

"நீதான சட்டன்னு சொன்ன. அப்பம் வெத மேல தப்பில்லன்னுதான அர்த்தம்?"

என் கோபத்துக்கும் ஒரு உபயோகம் இருந்திருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், கடலை கெட்டி, கொதிக்கிற பாகைத் தாங்கும். இந்த விதை மெத்தென்று இருக்கிறது. பாகில் போட்டதும் எண்ணெய் கக்கி உதிர்கிறது, அல்லது கசக்கிறது. பத்து நாளாக மல்லுக்கட்டியிருக்கிறார். "சோளப்பொரி சேத்துப் பாத்தீங்களா?" என்றேன். சோளப்பொரி செண்பகா எத்தனையோ தடவை தின்று ஒன்றும் ஆகாத பொருள். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

ஜூலை 19, வெள்ளி

இவர் வீட்டுக்கு வந்தார், தலை ஈரத்தோடு. செண்பகா தோளிலிருந்து இறங்கவேயில்லை. சாப்பாடும் அங்கேயே. இவர் சட்டை முழுக்கச் சாதம்.

ஜூலை 22, திங்கள்

செல்வராணி அக்காவிடம் சொல்வதா வேண்டாமா என்று மூன்று நாள் தவித்தேன். சொல்லாவிட்டால் இன்னொரு நாள் இன்னொரு ஏனம் வரும். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எங்கையாலயா? எங்கையாலயா கனி?" என்று உள்ளங்கையைப் பார்த்துப் பார்த்து அழுதாள். உன் மனசு தப்பில்லை அக்கா, சீனிதான் தப்பு என்றேன். எனக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 3, சனி

நேற்று அக்கா வீட்டுக்குப் போன கொழுக்கட்டைத் தூக்கு இன்று திரும்பி வந்தது. கொதிநீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, மூடியைத் திறந்து என்னிடம் உள்ளே காட்டினாள். ஒன்றுமே இல்லை. "ஆயுசுல மொதத் தடவ வெறும் ஏனம் குடுக்கேன்" என்றாள். கூடவே ஒரு புது மிக்ஸி ஜார். அதில் சிவப்புப் பெயின்டில் 'செண்பகா' என்று எழுதி வாங்கி வந்திருக்கிறாள். இனி அந்த ஜார் எங்கள் வாசல்படி தாண்டாது. நான் அக்காவைக் கட்டிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

ஆகஸ்ட் 10, சனி

பதினாறு கிலோ எண்ணூறு. ரேஷன் கடைக்காரர் வரிசையில் நின்றவர்களிடம் எல்லாம் சொன்னார்.

ஆகஸ்ட் 15, வியாழன்

ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் செண்பகா பள்ளிக்கு மிட்டாய் எங்கள் கம்பெனியிலிருந்துதான் போகும். போன இரண்டு வருஷமும் இவள் வரிசையில் நின்று, மிட்டாயை வாங்கி, பிரிக்காமலேயே பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வந்தாள். பட்டியல் வருமுன்பே வாய் அரிக்கிறது என்று அவளே தெரிந்து வைத்திருந்தாள். நாங்கள்தான் அடம் என்று நினைத்தோம்.

இந்த வருஷம் இவர் தலைமையாசிரியையிடம் போய்ப் பேசினார். கடலைமிட்டாய் வேண்டாம், எல்லாருக்கும் பொரி உருண்டை தருகிறேன் என்றார். தனி அறையில், தனிச் சட்டியில், இவரே இரண்டு நாள் உட்கார்ந்து பிடித்தார். ஊருக்கு மிட்டாய் போடுகிறவர் கடலையில்லாமல் போடுகிறார் என்று கம்பெனியில் ஒரே கிண்டல். கொடியேற்றி முடிந்ததும் செண்பகா வரிசையில் நின்றாள், வாங்கினாள், எல்லாரையும் போலத் தின்றாள். நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். இந்த நோட்டை எழுதச் சொன்ன மேடத்துக்கு, நான் பெயர் கேட்காமல் விட்ட அந்த நர்ஸுக்கு, எங்கோ மலையில் இந்த விதையை விதைத்தவர்களுக்கு, எல்லாருக்கும் மனசுக்குள் கும்பிடு போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். ஹெம்ப் விதையும் சோளப்பொரியும் மண்டைவெல்லப் பாகில், கட்டம் கட்டமாக, விளிம்பு உதிராமல். முந்தா நாள்தான் பதம் சிக்கியதாம். பாகைச் சொட்டித் தண்ணீரில் போட்டால் 'டக்'கென்று உடைய வேண்டும், இறக்கி வைத்து, கொதி அடங்க நூறு எண்ணிவிட்டு விதையைப் போட வேண்டும், அதுதான் சூட்சுமமாம். முப்பது வருஷக் கடலைமிட்டாய்க்காரரின் மகளாகப்பட்டவள் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "எப்பா, இது நெஜ மிட்டாயா?" என்றாள். இவர் தலையை ஆட்டினார்.

கடித்தாள். 'கடக்'கென்று சத்தம் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

சாப்பிட்டது: அப்பா போட்ட மிட்டாய், ஒன்று.

பிறகு நடந்தது: இன்னொன்று கேட்டாள்.